முதல் டல்சிமர் வாங்குவது எப்படி: அளவு, ஃப்ரெட், கம்பி, சோதனை

டல்சிமர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு வாத்தியங்கள் விற்பனையில் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். காணொளியில் ஒன்றைக் கேட்டு ஆசைப்பட்டு, பெயரை மட்டும் வைத்துத் தேடி, மற்றதை ஆர்டர் செய்துவிடுவார்கள்.

மவுன்டன் டல்சிமர் மடியில் படுக்கவைத்து வாசிப்பது. நீளமான, ஒடுங்கிய பெட்டி. அதன் நடுவில் தலை முதல் வால் வரை ஓடும் ஃப்ரெட் பலகை. ஃப்ரெட் என்பது ஸ்வர இடங்களைக் குறிக்கும் குறுக்குப் பட்டை. மேலே 3 அல்லது 4 கம்பிகள். இடக்கை அழுத்தும், வலக்கை மீட்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவெடுத்ததால் அப்பலாச்சியன் டல்சிமர் என்றும், மடியில் வைப்பதால் லேப் டல்சிமர் என்றும் சொல்வார்கள். மலையை விட்டு வெளியே இது பரவியதில் கென்டக்கியைச் சேர்ந்த பாடகி ஜீன் ரிச்சிக்கு (1922–2015) பெரிய பங்கு உண்டு.

ஹேமர்ட் டல்சிமர் சரிவக வடிவப் பெட்டி. அதன் குறுக்கே பல டஜன் கம்பிகள். இரண்டு சிறு மரச் சுத்தியல்களால் தட்டி வாசிப்பார்கள். சந்தூரைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. சந்தூர், ஹங்கேரியின் சிம்பாலம், சீனாவின் யாங்சின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

எது யாருக்கு? இதுவரை எந்த வாத்தியமும் தொடாதவர் என்றால் மவுன்டன் டல்சிமர்தான். ஒரே கம்பியில் மெட்டு, மற்ற கம்பிகள் சும்மா சுருதி பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் தெரிந்த பாட்டு ஒன்று கைக்கு வந்துவிடும். எடையும் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. ஹேமர்ட் டல்சிமரிலும் முதல் பாட்டு சீக்கிரம் வரும். ஆனால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சுருதி சேர்க்கவேண்டிய கம்பிகள் 46 முதல் 62 வரை இருக்கும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே தன்னைத் தானே கேட்டுக்கொள்வது நல்லது. முதலில் மவுன்டன் டல்சிமரை விரிவாகப் பார்த்துவிட்டு, பிறகு ஹேமர்ட் டல்சிமருக்கு வருவோம்.

மரத்துக்கு முன்னால் அளவு

கடைக்காரர் முதலில் பேசுவது மரத்தைப் பற்றி: வால்நட், செர்ரி, ஸ்ப்ரூஸ். நீங்கள் முதலில் கேட்கவேண்டியது கம்பி நீளம். நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி படியும் சிறு கட்டை) பிரிட்ஜ் வரை (வால் பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) அதிரும் பகுதியின் நீளம் அது. விற்பனைக் குறிப்புகளில் வி.எஸ்.எல். என்று போட்டிருப்பார்கள். பொதுவாக 25 முதல் 30 இஞ்ச் வரை கிடைக்கும்.

கம்பி நீளம் கூடக் கூட ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் கூடும். டி-ஏ-டி சுருதியில் (தடித்த பேஸ் கம்பி கீழ் டி, நடுக்கம்பி ஏ, மெட்டுக் கம்பி மேல் டி) ஆரம்பத்திலேயே வரும் ஜி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. பேஸ் கம்பியில் 3ஆவது ஃப்ரெட்டையும் நடுக்கம்பியில் 1ஆவது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். 25 இஞ்ச் வாத்தியத்தில் இந்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கும் இடையே 9 செ.மீ., 27 இஞ்ச்சில் 9.7 செ.மீ., 29 இஞ்ச்சில் 10.4 செ.மீ. காகிதத்தில் இது சின்ன வித்தியாசம். சிறிய கைக்கு அதுதான் கார்டு பிடிபடுவதற்கும் மணிக்கட்டு வலிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஸ்கேலில் 10 செ.மீ. குறித்துக்கொண்டு, இடக்கையை மேலிருந்து வைத்து, ஒரு முனையில் கட்டைவிரலையும் மறுமுனையில் மோதிர விரலையும் பதித்துப் பாருங்கள். சிரமமில்லாமல் எட்டினால் 28 வரை போகலாம். இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தால் 25 முதல் 26½ வரை பாருங்கள். எதுவும் தெரியாமல் வாங்கவேண்டிய கட்டாயம் என்றால் 27 பாதுகாப்பானது.

அப்படியானால் நீளமானதை யார் வாங்குகிறார்கள்? நோட்டர் வைத்து வாசிப்பவர்கள். நோட்டர் என்பது மெட்டுக் கம்பியின் மேல் வழுக்கிச் செல்லும் சிறு மரக்குச்சி. அந்தப் பழைய முறையில் விரல் எட்டவேண்டிய தேவையே இல்லை. நீளமான கம்பியின் கணீரென்ற ஒலி அதற்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

ஃப்ரெட்டுகள்: எந்த ராகம் வரும், எது வராது

கிதார் வாசிப்பவர்கள் இந்தப் பலகையைப் பார்த்துக் குழம்புவார்கள். ஃப்ரெட்டுகள் சீராகச் சுருங்கிக்கொண்டே போகாமல், சில அகலமாகவும் சில நெருக்கமாகவும் இருக்கும். ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரங்களும் இதில் கிடையாது, 7தான். திறந்த கம்பியை ஸட்ஜமமாக வைத்து 7ஆவது ஃப்ரெட் வரை ஏறினால் வருவது ஹரிகாம்போஜி. 3ஆவது ஃப்ரெட்டை ஸட்ஜமமாக்கினால் சங்கராபரணம். 1ஆவதிலிருந்து நடபைரவி. 4ஆவதிலிருந்து கரஹரப்பிரியா. ஃப்ரெட் இடங்கள் மாறுவதில்லை, ஸட்ஜமம் மட்டும் இடம் மாறுகிறது.

இங்கேதான் ஆறரை என்ற ஃப்ரெட் முக்கியமாகிறது. 6ஆவதுக்கும் 7ஆவதுக்கும் நடுவில் இருக்கும் இதை 6+ என்று எழுதுவார்கள். இது இருந்தால் திறந்த கம்பியிலிருந்தே காகலி நிஷாதம் கிடைக்கும், சங்கராபரணம் முழுதாக வரும். இன்று பாடநூல்களும் காணொளிப் பாடங்களும் பெரும்பாலும் இந்த ஃப்ரெட் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சொல்லித்தருகின்றன. பழைய வாத்தியங்கள் சிலவற்றில் இது இருக்காது. 6+ இல்லாததை முதல் வாத்தியமாக வாங்காதீர்கள். பின்னால் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்குத் தச்சுவேலை தெரிந்த கைகாரர் வேண்டும்.

1+ இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண காந்தாரம் கிடைக்கும், திறந்த கம்பியிலேயே கரஹரப்பிரியா வாசிக்கலாம். ஆனால் இல்லை என்பதற்காக நல்ல வாத்தியத்தை விட்டுவிடவேண்டாம்.

கர்நாடக இசைப் பாடத்தை இதில் வாசிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளைக்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். 7 ஸ்வரம் மட்டும் உள்ள இந்த டயடோனிக் பலகையில், திறந்த கம்பி ஸட்ஜமம் என்றால், அந்த இரண்டு இடங்களிலும் ஃப்ரெட்டே இல்லை. 12 ஸ்வரமும் உள்ள குரோமேட்டிக் டல்சிமர் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் எங்கே அழுத்தினாலும் ராகத்துக்குள்ளேயே இருக்கும் வசதி அதில் போய்விடும். தொடங்குபவருக்கு டல்சிமரின் பெரிய வரமே அந்த வசதிதான். ராகம்தான் குறி என்றால் அதற்கென்றே பிறந்த வாத்தியங்கள் இருக்கின்றன.

மெட்டுக் கம்பிக்குக் கீழே மட்டும் குட்டை ஃப்ரெட்டுகள் அடித்த பழைய பாணி டல்சிமர்களும் உண்டு. நோட்டருக்கு அது போதும். கார்டு பிடிக்க முடியாது. ஃப்ரெட் மூன்று கம்பிக்கும் குறுக்கே முழுதாக ஓடுகிறதா என்று படத்திலேயே பார்த்துவிடலாம்.

3 கம்பியா, 4 கம்பியா

4 கம்பி என்றால் பொதுவாக மெட்டுக் கம்பி இரட்டையாக, ஒட்டி ஒட்டி இருக்கும். ஒலி கூடும், நோட்டருக்கு நன்றாக வரும். ஆனால் இரட்டைக் கம்பியை ஒரே விரலால் சமமாக அழுத்துவது புதியவருக்குக் கடினம். இரண்டில் ஒன்று இம்மியளவு சுருதி விலகினாலும் காது கூசும். அதனால் பலர் ஒன்றைக் கழற்றிவிட்டு 3 கம்பியோடு வாசிக்கிறார்கள். 4 கம்பிக்கு இடமுள்ளதை வாங்கி, 3 போட்டுத் தொடங்குவதே எங்கள் பரிந்துரை. நட்டிலும் பிரிட்ஜிலும் மெட்டுக் கம்பிக்குக் கூடுதலாக ஒரு நடுக் காடி வெட்டியிருந்தால் ஒற்றைக் கம்பி அதில் சரியாக உட்காரும்.

பிருடை

பிருடை என்பது கம்பியை இறுக்கித் தளர்த்தும் திருகு. மலிவான வாத்தியம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெறும் மரப் பிருடை பார்க்க அழகாக இருக்கும். காற்றின் ஈரப்பதம் மாறினால் இறுகும் அல்லது வழுக்கும். அதைப் பழக்கிக்கொள்ளத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். பல்சக்கரம் வைத்த கிதார் பாணி பிருடையே தொடங்குபவருக்குச் சரி. மரப் பிருடை மாதிரியே தோன்றும், உள்ளே பல்சக்கரம் ஒளிந்திருக்கும் பிளானட்டரி பிருடையும் நல்லது, விலை கூடும். கையில் எடுத்துச் சோதிக்கும்போது ஒவ்வொன்றையும் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். திருகத் தொடங்கியதும் ஒலி மாறவேண்டும். கொஞ்ச தூரம் சும்மா சுற்றிய பிறகே மாறினால் பல் தேய்ந்திருக்கிறது.

வடிவமும் மரமும்

மணற்கடிகை வடிவம், கண்ணீர்த்துளி வடிவம், நீள்வட்டம், பெட்டி எனப் பல உண்டு. ஒலியில் உள்ள வேறுபாடு தொடங்குபவர் காதுக்கு எட்டும் அளவுக்குப் பெரிதல்ல. மடியில் வழுக்காமல் உட்காருகிறதா என்பதே முக்கியம். மேற்பலகை ஸ்ப்ரூஸ் அல்லது செடார் என்றால் ஒலி சற்றுத் திறந்து வரும், வால்நட் என்றால் மென்மையாக, உருண்டையாக வரும். முழு மரம் நல்லது. ஆனால் நன்றாகக் கட்டப்பட்ட பிளைவுட் வாத்தியம், மோசமாகக் கட்டப்பட்ட வால்நட்டை விடப் பல மடங்கு மேல். அட்டைப் பெட்டி உடலும் மர ஃப்ரெட் பலகையும் கொண்ட பயிற்சி டல்சிமர்கள்கூட உண்டு. ஃப்ரெட் சரியான இடத்தில் இருந்தால் அவற்றிலும் தாராளமாகக் கற்கலாம். விட்டு விலகவேண்டியது சுவரில் மாட்ட மட்டும் செய்த அலங்காரப் பொருளை. வழவழப்பான வார்னிஷ், செதுக்கிய பறவை, பசை பிதுங்கிய மூலைகள், வி.எஸ்.எல். எவ்வளவு என்று கேட்டால் பதில் தெரியாத விற்பனையாளர்: இவை நான்கும் சேர்ந்து வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கையில் எடுத்ததும் செய்யவேண்டிய சோதனை

ஒரு டேப், ஒரு குரோமேட்டிக் ட்யூனர், பத்து நிமிடம். கடை அமைதியாக இருக்கும் நேரமாகப் போங்கள்.

1. வால் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகை நெடுகப் பாருங்கள். பலகை நேராக இருக்கவேண்டும். கிதாரில் உள்ளதுபோல் வளைவைத் திருகிச் சரிசெய்யும் இரும்புக்கம்பி பெரும்பாலான டல்சிமர்களில் கிடையாது. முறுக்கோ வளைவோ தெரிந்தால் பேரமே வேண்டாம்.

2. நட்டிலிருந்து 7ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் வி.எஸ்.எல். நட்டிலிருந்து பிரிட்ஜ் அந்த அளவைவிடச் சில மி.மீ. தள்ளி இருப்பது இயல்பு. அழுத்தும்போது கம்பி இறுகிச் சுருதி ஏறுவதை ஈடுகட்ட அப்படி வைப்பார்கள். ஒரு செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஃப்ரெட்டோ பிரிட்ஜோ தப்பான இடத்தில் இருக்கிறது.

3. கம்பி உயரத்தைப் பாருங்கள். 7ஆவது ஃப்ரெட்டின் மேல் ஏறத்தாழ 2 மி.மீ., 1ஆவது ஃப்ரெட்டின் மேல் அரை மி.மீ. இருந்தால் வசதி. இதைவிட மிக உயரமாக இருந்தால் விரல் நோகும். அதைவிட மோசம், அழுத்தும்போது ஸ்வரம் கூர்மையாக ஏறிவிடும்.

4. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டுங்கள். ஒன்றையும் விடவேண்டாம். திறந்த கம்பி மட்டும் ஜிர்ரென்றால் நட்டில் காடி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும் என்றால், பிரிட்ஜ் பக்கம் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. எங்கே மீட்டினாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் உடல் அதிர்ந்து சத்தம் போட்டால் உள்ளே தாங்குகட்டை ஒன்று பசை விட்டிருக்கலாம். விரல் மூட்டால் சுற்றிலும் தட்டினால் அந்த இடம் கேட்கும்.

5. 7ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஹார்மோனிக் வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் 5 சென்ட்டுக்குள் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஒத்துப்போகவேண்டும். அழுத்தியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை நட்டிலிருந்து தள்ளவேண்டும், குறைவாக இருந்தால் நட்டை நோக்கி நகர்த்தவேண்டும். பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பி அழுத்தத்தில் மட்டும் நிற்பது என்றால் இது நீங்களே செய்துகொள்ளக்கூடியது. ஒட்டிய பிரிட்ஜில் 10 சென்ட்டுக்கு மேல் பிழை என்றால் வாங்கவேண்டாம்.

6. 1, 2, 3ஆவது ஃப்ரெட்டுகளை ட்யூனரில் பாருங்கள். 7ஆவது சரியாக இருந்து இவை மட்டும் கூர்மையாக இருந்தால் நட்டின் காடி உயரம். சின்ன அரத்தில் தீரும் வேலை, விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம்.

இணையத்தில் பயன்படுத்திய வாத்தியம் வாங்குவதானால் இதே சோதனையை விற்பவரைச் செய்யச் சொல்லுங்கள். வால் முனையிலிருந்து எடுத்த படம், பக்கவாட்டு இணைப்புகளின் படம், ஒரே கம்பியில் எல்லா ஃப்ரெட்டும் ஏறும் ஒலிப்பதிவு. மூன்றும் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பக்கப்பலகையும் அடிப்பலகையும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு போல் பிளவு இருந்தால் பயப்படவேண்டாம். வறண்ட அறையில் வைத்ததால் வருவது, ஒட்டிவிடலாம். மேற்பலகையில் பிரிட்ஜுக்கு அருகே குழி விழுந்திருந்தால் அது வேறு கதை.

இடக்கைக்காரர்களுக்கு: உடல் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கம்பிகளை வரிசை மாற்றிப் போடலாம். நட்டின் காடிகளை மட்டும் கம்பித் தடிமனுக்கேற்ப மாற்றவேண்டியிருக்கும்.

ஹேமர்ட் டல்சிமர் என்று முடிவெடுத்தால்

அளவை இரண்டு எண்களால் சொல்வார்கள்: 12/11, 15/14, 16/15. முதல் எண் ட்ரெபிள் (மேல் ஸ்வர) பிரிட்ஜில் உள்ள கம்பித் தொகுதிகள், இரண்டாவது பேஸ் (கீழ் ஸ்வர) பிரிட்ஜில் உள்ளவை. தொகுதிக்கு 2 கம்பி என்றால் 12/11-இல் 46 கம்பி, 16/15-இல் 62. 12/11 தொடங்கப் போதும், பெரும்பாலான நாட்டுப்புற மெட்டுகள் அதற்குள் அடங்கும். தொடர்ந்து வாசிப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் 15/14 அல்லது 16/15-க்கே நேராகப் போவது மிச்சம். கிட்டத்தட்ட 3 ஸ்தாயி கிடைக்கும்.

ட்ரெபிள் பிரிட்ஜ் ஒவ்வொரு கம்பியையும் 3:2 என்ற விகிதத்தில் பிரிக்கிறது. அதனால் இடப்பக்கம் எப்போதும் வலப்பக்கத்தைவிட ஒரு பஞ்சமம் மேலே இருக்கும். பிரிட்ஜில் வேறு நிறத்தில் குறியிட்ட தொகுதியில் தொடங்கி வலப்பக்கம் 4, குறுக்கே தாண்டி இடப்பக்கம் 4 தட்டினால் முழு சங்கராபரணம். சோதிக்கும்போது இதையே பயன்படுத்துங்கள். ஒரு கம்பியின் வலப்பக்கத்தைச் சுருதி சேர்த்துவிட்டு இடப்பக்கத்தைப் பாருங்கள். சரியாகப் பஞ்சமம் வரவேண்டும். இரண்டும் ஒரே கம்பி என்பதால் தனித்தனியே சேர்க்க வழியில்லை. எல்லாத் தொகுதியிலும் ஒரே பக்கமாக விலகினால் பிரிட்ஜ் நகர்ந்திருக்கிறது, சரிசெய்யலாம்.

சரிசெய்யவே முடியாதது முளைக்கட்டையில் வரும் பிளவு. கம்பியைச் சுற்றி இறுக்கும் முளைகள் வரிசையாக இறங்கியிருக்கும் கனமான மரம் அது. அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை பல நூறு கிலோ. முளைக்கு முளை ஓடும் மயிரிழைக் கோடு தெரிந்தாலும், மூலைகளில் சட்டம் வாய் பிளந்திருந்தாலும், மேற்பலகை பிரிட்ஜ்களுக்குக் கீழே தணிந்திருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பயன்படுத்தியதை வாங்குவதானால் சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கொஞ்சம் இறங்கினால் இயல்பு. சில கம்பிகள் மட்டும் அரை ஸ்வரம் விழுந்தால் அந்த முளைகள் பிடிப்பிழந்துவிட்டன.

முளைத் தலைக்குப் பொருந்தும் சாவி, தாங்கி, இரண்டு ஜோடி சுத்தியல் (ஒன்று வெறும் மரம், ஒன்று தோல் ஒட்டியது), முளையில் கவ்வும் ட்யூனர்: இவை வாத்திய விலையில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். புதியவருக்கு முழுச் சுருதி சேர்க்க ஒரு மணி நேரம் ஆகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மவுன்டன் டல்சிமருக்கு உடனடியாக வேண்டியவை: கவ்வும் ட்யூனர், அரை மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய மீட்டுத்தகடு இரண்டு மூன்று, மடியில் விரிக்க வழுக்காத ரப்பர் வலை, ஒரு கூடுதல் கம்பித் தொகுப்பு. தடித்த தகடு கம்பியில் மாட்டிக்கொள்ளும், தாளம் தடுமாறும்.

கம்பி வாங்கும் முன் வால் முனையைப் பாருங்கள். சிறு ஆணிகளில் மாட்டுவதென்றால் வளைய முனைக் கம்பி, துளையில் நுழைப்பதென்றால் குண்டு முனைக் கம்பி. 27 இஞ்ச் வாத்தியத்துக்கு டி-ஏ-டி சுருதியில் மெட்டுக் கம்பி 0.012 இஞ்ச், நடுக்கம்பி 0.014, பேஸ் 0.024 சுற்றுக்கம்பி என்று தொடங்கலாம். 25 இஞ்ச்சுக்குச் சற்றுத் தடிமனாகப் போடவேண்டும், இல்லையென்றால் தொளதொளவென்று ஃப்ரெட்டில் மோதும். டி-ஏ-ஏ சுருதியில் மெட்டுக் கம்பி ஒரு மத்யமம் கீழே இறங்குவதால் அங்கேயும் 0.013 அல்லது 0.014 பொருந்தும்.

சுருதி சேர்க்கும் முறை: உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் பேஸ் கம்பி டி (146.8 ஹெர்ட்ஸ்), நடுக்கம்பி ஏ (220 ஹெர்ட்ஸ்), உங்களுக்கு அருகே உள்ள மெட்டுக் கம்பி மேல் டி (293.7 ஹெர்ட்ஸ்). ட்யூனர் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று பல ட்யூனர்கள் காட்டாது. மெட்டுக் கம்பி ஏற்கெனவே டியைத் தாண்டி ஈயிலோ எஃப்பிலோ நிற்பதை அறியாமல் அடுத்த டியைத் தேடி மேலே ஏற்றிக்கொண்டே போய் அறுத்துக்கொள்பவர்கள் நிறைய. இதைத் தவிர்க்க, பேஸ் கம்பியை முதலில் சேர்த்து, அதன் 4ஆவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அதுதான் நடுக்கம்பியின் ஏ. பேஸ் கம்பியின் 7ஆவது ஃப்ரெட் மெட்டுக் கம்பியின் டி. காதால் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசி நூலிழையை ட்யூனரிடம் விடுங்கள். சுருதியைத் தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி கீழிருந்து ஏறி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிருடையின் பற்களில் தளர்வு தங்கி, நாலு மீட்டலில் சுருதி இறங்கிவிடும்.

கம்பி மாற்றும்போது, பிரிட்ஜ் ஒட்டப்படாததாக இருந்தால், ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் பிரிட்ஜ் சரிந்துவிடும். அதற்கு முன்பே பிரிட்ஜின் இரு முனையிலும் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போட்டுவைத்தால் நல்லது.